94 வந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்

கும்பகோணத்தில் எங்கள் வீடு பழைய காலத்து நீள வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கடைசியில் கொல்லை. ஃபைபர் இணைப்பு வாசல் வழியாக வந்து ரேழிச் சுவரில் முடிகிறது. நான் வேலை பார்க்கிற மாடி அறை கொல்லைப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் சுமார் முப்பது மீட்டர் லேன் கேபிள். 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறியபோது மாடியில் வேகம் 94-ஐத் தாண்டவே இல்லை. ஆன்லைனில் 'கேட்-8' (கேட் என்பது கேபிளின் தர வகை) என்று பெரிதாகப் போட்டிருந்த மூன்றடி கேபிள் ஒன்றை வாங்கி லேப்டாப்பில் சொருகினேன். அப்போதும் 94.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "ஏம்ப்பா, மேட்டூர்ல திறக்காத தண்ணி, உன் வாய்க்காலை அகலமா வெட்டினா வந்துடுமா?" என்றார். பாதி சரி. மறுபாதியும் கடைமடையில் நிலம் வைத்திருக்கிற அவருக்குத் தெரிந்ததுதான்: தூர் வாராத வாய்க்காலில் திறந்து விட்ட தண்ணீரும் வந்து சேராது. லேன் கேபிளை மாற்றுவது தூர் வாருகிற வேலை. வாங்கிய பிளானுக்கு மேல் ஒரு சொட்டு கூட வராது. ஆனால் வழியில் தேங்கி நிற்பது வந்து சேரும். எனவே கடைக்குப் போவதற்கு முன், உங்கள் வீட்டில் ஏதாவது தேங்கி நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். அரை மணி நேர வேலை.

முதலில் பிளானைப் பாருங்கள்

மாத ரசீதிலோ ஆப்பிலோ பிளான் எத்தனை எம்பிபிஎஸ் என்று இருக்கும். 50, 60 என்றால், கேபிள் ஒழுங்காக வேலை செய்கிறவரை, புதுக் கேபிளால் வேகம் கூடப் போவதில்லை. பத்து வருடப் பழைய கேபிள் கூட அந்த அளவைச் சிரமமில்லாமல் தூக்கும். 100-க்கு மேற்பட்ட பிளான் வைத்திருப்பவர்கள்தான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பிளானில் சொல்லும் எம்பிபிஎஸ், நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது. கோப்பு இறங்கும்போது திரையில் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 12 மெகாபைட் இறங்கினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இதைத் தெரியாமல் கேபிள்காரரோடு சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை போயிருக்கிறேன்.

அப்புறம் வயர் போட்டு அளந்து பாருங்கள்

போனில் வைஃபை வழியாக ஸ்பீடு டெஸ்ட் எடுத்து, அதைக் கொண்டு கேபிளைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஃபைபர் பாக்ஸ் இருக்கும் இடத்துக்கே போங்கள். பாக்ஸின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு சின்ன கேபிளால் நேராக லேப்டாப்புக்கு இணைத்து, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு டெஸ்ட் எடுங்கள். சில வீடுகளில் இணைப்புக்கான யூசர்நேமும் பாஸ்வேர்டும் பாக்ஸில் இல்லாமல் ரூட்டரில் போடப்பட்டிருக்கும். அங்கே பாக்ஸிலிருந்து நேராக நெட் வராது. ரூட்டரின் லேன் போர்ட்டில் வைத்து அளக்க வேண்டியதுதான்.

காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை அளந்து பாருங்கள். பாக்ஸ் பக்கத்திலேயே காலையில் முழு வேகமும் இரவில் அதில் கால்வாசியும் வந்தால், நெரிசல் தெருவில் இருக்கிறது. வீட்டுக்குள் தங்கத்தில் கம்பி இழுத்தாலும் அது தீராது. கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்.

பாக்ஸ் பக்கத்தில் பிளான் அளவுக்கு வருகிறது, மாடியில் மட்டும் வரவில்லை என்றால் நம் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஏன் 94?

வீட்டு லேன் இணைப்பு பெரும்பாலும் இரண்டு வேகங்களில் ஒன்றில் ஓடும்: 100 எம்பிபிஎஸ் அல்லது 1000 எம்பிபிஎஸ். நடுவில் 200, 300 என்றெல்லாம் கிடையாது. இரண்டு முனையும் பேசிப் பார்த்து, 1000 ஒத்துவராவிட்டால் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. நெட் வேலை செய்துகொண்டே இருக்கும். இந்த அமைதிதான் வருடக்கணக்கில் ஆளை ஏமாற்றுகிறது.

100-இல் ஓடும் இணைப்பில் ஸ்பீடு டெஸ்ட் 93, 94 என்றுதான் காட்டும். தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது. கம்பியில் போகும் ஒவ்வொரு 1538 பைட்டிலும் நம் சரக்கு அதிகபட்சம் 1460 பைட். மீதி முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குச் சாக்கு எடையைக் கழிக்கிற மாதிரி. அதனால் 200, 300, 500 என்று எந்தப் பிளான் வைத்திருந்தாலும் சரி, அளக்கும்போதெல்லாம் 94-ஐ ஒட்டியே வந்து நின்றால், வழியில் ஏதோ ஒரு கண்ணி (கேபிளோ போர்ட்டோ) 100-இல் ஓடுகிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். 70, 130, 55 என்று நேரத்துக்கு ஒன்றாக வந்தால் அது வேறு நோய். பெரும்பாலும் வைஃபை.

எந்தக் கண்ணி என்று கண்டுபிடிப்பது

விண்டோஸ் லேப்டாப்பில் செட்டிங்ஸ், அதில் நெட்வொர்க் அண்டு இன்டர்நெட், அதில் ஈதர்நெட் என்று போனால் 'லிங்க் ஸ்பீடு' என்று ஒரு வரி இருக்கும். 1000/1000 என்று இருந்தால் அந்தக் கண்ணி நன்றாக இருக்கிறது. 100/100 என்றால் மாட்டிக்கொண்டது. ரூட்டரின் பக்கத்துக்குள் போயும் (192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று பிரவுசரில் அடித்தால் பெரும்பாலான ரூட்டர்களில் திறக்கும்) ஒவ்வொரு போர்ட்டும் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்க்கலாம்.

100 என்று காட்டினால் உடனே கேபிளின் மேல் பழியைப் போடக் கூடாது. போர்ட்டே 100-க்கு மேல் போகாததாக இருக்கலாம். விலை குறைந்த ரூட்டர்களின் பெட்டியில் '10/100' என்று அச்சடித்திருக்கும். அதில் என்ன கேபிள் போட்டாலும் 100தான். '10/100/1000' என்றோ 'கிகாபிட்' என்றோ இருக்க வேண்டும். சில ஃபைபர் பாக்ஸ்களில் ஒரே ஒரு போர்ட் மட்டும் கிகாபிட்டாகவும் மற்றது 100 ஆகவும் இருக்கும். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். போர்ட் மாற்றிச் சொருகியதும் வேகம் இரட்டிப்பான வீடுகள் உண்டு, காசு செலவில்லாமல். லேப்டாப்பில் சொருகும் பழைய யுஎஸ்பி லேன் அடாப்டர்களும் 100 வகையாக இருக்கலாம். ஸ்மார்ட் டிவிகளில் விலை உயர்ந்தவற்றில் கூட 100 போர்ட் வைக்கிறார்கள். டிவிக்கு அது போதும். 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம்.

இரண்டு முனையிலும் கிகாபிட் போர்ட் இருந்தும் 100தான் காட்டுகிறது என்றால், பெரும்பாலும் நடுவில் இருக்கும் கம்பிதான்.

முற்றத்து மூலையில் கிடைத்தது

காரணம் எளிது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும்: ஆரஞ்சும் பச்சையும். 1000-க்கு எட்டுக் கம்பியும் உயிரோடு இருக்க வேண்டும். நீலத்திலோ பிரவுனிலோ ஒன்று அறுந்தால் நெட் நிற்காது, 100-க்கு இறங்கிவிடும்.

நான் மாடியிலிருந்து கேபிளை விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தேன். முற்றத்து ஓட்டுச் சரிவுக்குக் கீழே, மூங்கில் பட்டியலில் கட்டியிருந்த இடத்தில், சாம்பல் நிறத் தோல் வெயிலில் வெளுத்து நொறுங்கியிருந்தது. அங்கே அணில் பல் பட்டிருந்தது. தோலைக் கீறிப் பார்த்தால் பிரவுன் ஜோடியில் ஒன்று துண்டாகவே போயிருந்தது. பக்கத்தில் இன்னொரு கம்பியின் பிளாஸ்டிக் உரிந்து, உள்ளே செம்பில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. பாத்திரக் கடைகள் நிறைந்த ஊர்க்காரனுக்குக் களிம்பு புதிதா என்ன. ஐப்பசி மழை முழுக்க அந்த வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது.

கெட்டுப்போன இரண்டடியை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனையிலும் புது கனெக்டர் அடித்து, ஒரு கப்ளர் வைத்துச் சேர்த்தேன். லிங்க் ஸ்பீடு 1000. டெஸ்ட் 190-ஐத் தாண்டியது. கேட்-8 கேபிள் மேஜை டிராயரில் தூங்குகிறது. வெயிலிலும் மழையிலும் கப்ளர் நாள்பட நிற்காது என்பதால் அடுத்த மாதம் முழுக் கேபிளையும் மாற்றினேன்.

வாங்குவதென்றால் எதை வாங்குவது

கேட்-5இ, 100 மீட்டர் வரை 1000 எம்பிபிஎஸ் தூக்கும். எந்த வீடும் அவ்வளவு நீளம் இல்லை, எங்கள் தெரு வீடுகள் கூட. கேட்-6 அதே 1000-ஐ இன்னும் நிதானமாகத் தூக்கும், 55 மீட்டர் வரை 10 ஜிபிபிஎஸ் (10,000 எம்பிபிஎஸ்) கூடப் போகும். கேட்-6ஏ அதை 100 மீட்டருக்குக் கொண்டுபோகும். கேட்-8 என்பது 30 மீட்டருக்குள் 25, 40 ஜிபிபிஎஸ் என்று சர்வர் கூடங்களுக்காக வந்தது. 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு அதை வாங்குவது, வயல் வரப்பில் போக லாரி வாங்குகிற மாதிரி.

வீட்டில் ஏற்கெனவே நல்ல கேட்-5இ ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். புதிதாக இழுப்பதென்றால் கேட்-6 போடுங்கள். விலை வித்தியாசம் பெரிதில்லை, கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், சுவரை ஒரு தடவைதான் துளைக்கப் போகிறோம். எந்த வகை என்பது கேபிளின் தோலிலேயே அச்சடித்திருக்கும்.

வகையைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் உலோகம். அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிசாகச் செம்பு பூசி, 'கேட்-6' என்று அச்சடித்து விற்கிறார்கள். சிசிஏ என்று பெயர். சில பெட்டியில் அந்த எழுத்து இருக்கும், சிலவற்றில் இருக்காது. அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், வளைத்தால் சீக்கிரம் ஒடியும். கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் சிசிடிவி கேமராவைக் கொல்லையில் வைத்தால், அந்தத் தூரத்தில் வோல்டேஜ் இறங்கி, இருட்டில் தன் விளக்கு எரியும் நேரம் பார்த்து கேமரா அணைந்து அணைந்து வரும்.

குடம் வாங்கும்போது கையில் தூக்கிப் பார்ப்போம் இல்லையா, அதையே இங்கும் செய்யலாம். ஒரே நீளத்தில் சிசிஏ, செம்பைவிடத் தெளிவாக லேசாக இருக்கும். ஒரு கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நல்ல கடைக்காரர் சுரண்டிப் பார்க்க ஒரு சாண் துண்டு கொடுக்கத் தயங்கமாட்டார். 305 மீட்டர் பெட்டி முழுவதும் வாங்கத் தேவையில்லை, கம்ப்யூட்டர் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.

அப்புறம் இன்னொன்று: தட்டையாக, ரிப்பன் மாதிரி வரும் 'கேட்-7' கேபிள்கள். உள்ளே இருக்கும் கம்பி நூல் மாதிரி இருக்கும். கதவிடுக்கில் செருக அழகாக இருக்கும் என்பதைத் தவிர நான் அதில் ஒன்றும் காணவில்லை.

ஆன்லைன் கேம் ஆடும் பிள்ளைகள் பிங் (சிக்னல் போய்த் திரும்பும் நேரம்) குறையும் என்று கேட்டு வாங்கச் சொல்வார்கள். முப்பது மீட்டர் செம்பைத் தாண்ட சிக்னலுக்கு ஆகும் நேரம் சுமார் 0.00015 மில்லிசெகண்டு. அதில் எதைக் குறைப்பது? வைஃபையிலிருந்து வயருக்கு மாறினால் பிங் நிச்சயம் நிதானப்படும். நல்ல வயரிலிருந்து விலை அதிகமான வயருக்கு மாறினால் ஒன்றும் ஆகாது.

இழுக்கும்போது

வெயில் படும் இடமென்றால் வெளிப்புறத்துக்கான கறுப்புத் தோல் கேபிள். உள்ளே போடும் சாம்பல் கேபிள் நம் சித்திரை வெயிலுக்குத் தாங்காது. அணிலுக்கும் எலிக்கும் பிவிசி பைப்தான் பதில். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றில் உப்பு இருப்பதால் கனெக்டரின் தகடுகள் சீக்கிரம் கெடும். வெளியே இணைப்பு எதுவும் விடாமல், முனைகள் இரண்டும் வீட்டுக்குள் இருக்கும்படி பாருங்கள்.

கரண்ட் வயர் போகும் பைப்பில் லேன் கேபிளை நுழைக்கவே கூடாது. இடையூறு ஒரு பக்கம், உயிருக்கு ஆபத்து இன்னொரு பக்கம். ஒரு அடியாவது தள்ளிக் கொண்டுபோங்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர் குறுக்காகக் கடக்கட்டும். மூலைகளில் ஒடித்து மடிக்காமல் வளைவாகத் திருப்புங்கள்.

கனெக்டர் அடிக்கும்போது நிற வரிசை, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன். பச்சை ஜோடிக்கு நடுவே நீல ஜோடி உட்காருவதைப் பார்த்தீர்களா? புதிதாகச் செய்பவர்கள் அது ஏதோ தப்பு என்று நினைத்து, பச்சை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். எட்டு விளக்கு எரியும் சாதாரண டெஸ்டரில் எல்லாம் சரி என்றே காட்டும், ஆனால் முறுக்கு பிரிந்துபோனதால் கம்பிகள் ஒன்றன் சிக்னலை ஒன்று கெடுத்து, வேகம் தடுமாறும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல் அடியுங்கள். கேட்-6 கம்பி கொஞ்சம் தடிமன், அதற்கென்று வரும் கனெக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

நீள வீட்டில் கேபிளின் உண்மையான பயன்

இத்தனைக்கும் பிறகு கூடத்தில் போனில் நெட் மெதுவாகவே இருக்கும். ஒன்றரைக் கல் தடிமனில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர்கள், இரண்டு தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை போய்விடும். 2.4 போகும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதில்தான் கூட்டம் போட்டிருக்கும். இதற்குக் கேபிள்தான் மருந்து, வேறு விதத்தில்: ரேழியிலிருந்து இரண்டாங்கட்டுக்கு ஒரு கேட்-6 இழுத்து, அங்கே இரண்டாவது ரூட்டர் ஒன்றை வைத்துவிடுங்கள். பழைய ரூட்டரே போதும், 5 கிகாஹெர்ட்ஸும் கிகாபிட் போர்ட்டும் இருந்தால். அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, அதன் முகவரியை முதல் ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, வான் (WAN) போர்ட்டை விட்டுவிட்டு லேன் போர்ட்டில் கேபிளைச் சொருகுங்கள். இரண்டு வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தால், கொல்லையில் துணி காயப்போடும் அம்மாவுக்கும் வீடியோ கால் பெரும்பாலும் அறுபடாது.

கொல்லையைத் தாண்டி மாட்டுக் கொட்டகைக்கோ எதிர்வீட்டு மாமா வீட்டுக்கோ இணைப்பு கொண்டுபோவதென்றால் மட்டும் செம்புக் கேபிளை வானத்தில் தொங்கவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பக்கத்தில் எங்காவது இடி விழுந்தால், அந்த நீளக் கம்பியில் பாய்கிற மின்னழுத்தம் இரண்டு முனையிலும் இருக்கிற போர்ட்டுகளைச் சுட்டுவிடும். அங்கே ஃபைபர் போடுவதே நல்லது. இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் லேன் கேபிளைப் பிடுங்க மறந்துவிடுகிறார்கள். அதையும் இடி நெருங்குவதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள்.

ஃபைபர் பக்கம் கோளாறு என்றால்

பாக்ஸில் 'லாஸ்' (LOS, ஃபைபரில் சிக்னல் வரவில்லை) என்ற சிவப்பு விளக்கு எரிந்தால், வீட்டுக்குள் எதையும் மாற்றாமல் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது தென்னையும் கம்பமும் சாய்ந்தது போல இல்லாவிட்டாலும், ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் கம்பத்து லைனில் ஒட்டுகள் கூடும். வருகிறவரிடம் பவர் மீட்டர் இருக்கும். ஃபைபரில் வரும் வெளிச்சம் எவ்வளவு டிபிஎம் என்று கேளுங்கள். மைனஸ் 15-இலிருந்து மைனஸ் 25-க்குள் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தொட்டால் அடிக்கடி அறுந்து அறுந்து வரும். ஃபைபரில் வெளிச்சம் குறைந்தால் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை. ஓரளவுக்குத் தாங்கும், அப்புறம் தடுமாறும், அப்புறம் நின்றுவிடும். ஃபைபர் வயரை ஆணியில் இறுக்கிச் சுற்றி மாட்டியிருந்தால் அதை முதலில் அவிழ்த்து, பெரிய வளையமாகத் தொங்கவிடுங்கள்.

பழைய கேபிளை எடுக்கும்போது

பைப்புக்குள் இருக்கும் பழைய கேபிளை அவசரப்பட்டு உருவிவிடாதீர்கள். அதன் வாலில் புதுக் கேபிளின் முனையை இன்சுலேஷன் டேப்பால் மெலிதாக, ஏணி போலப் படிப்படியாகச் சுற்றிக் கட்டுங்கள். ஒருவர் மாடியிலிருந்து இழுக்க, ஒருவர் கீழே தள்ளிவிட, பழையது வெளியே வரும்போது புதியது உள்ளே போய்விடும். ஒரு முழம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். கனெக்டர் அடித்ததும் லிங்க் ஸ்பீடு 1000 என்று வந்ததைப் பார்த்துவிட்டு, தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி முனையில் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை 94 வரும்போது கேபிளுக்கு எத்தனை வயது என்று தெரியும்.

எங்கள் வீட்டில் உருவிய பழைய கேபிளை அம்மா கொல்லையில் துணிக்கொடியாகக் கட்டிவிட்டார். அணில் இப்போது அதன் மேல் ஓடுகிறது.